செயலாளரின் ஆண்டறிக்கை: தேம்ஸ் கரை மதுக்கடைகளும் அவற்றின் முதலாளிகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிழக்கு லண்டனில் குடியிருக்கும் நாம் கூடி நடத்தும் இந்த உள்ளூர் வரலாற்று வட்டம், இந்த ஆண்டு ஆறு கூட்டங்களும் இரண்டு நடைப்பயணங்களும் நடத்தியது. ஆண்டு முழுவதற்கும் ஒரே பொருளை எடுத்துக்கொண்டோம்: வாப்பிங், ஷாட்வெல், லைம்ஹவுஸ் கரையிலுள்ள பழைய பப்களும் அவற்றை நடத்தியவர்களும். தமிழர் வட்டம் ஒன்று சாராயக்கடையைப் பற்றி ஒரு வருடம் பேசுவதா என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். முதல் நடைப்பயணத்துக்குப் பிறகு அவர்களே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த நடை ஒரு ஞாயிறு காலை, ஆற்றில் நீர் வற்றும் நேரம் பார்த்து வைத்தது. வாப்பிங் பழைய படித்துறைக்குப் பக்கத்திலுள்ள ‘டவுன் ஆஃப் ராம்ஸ்கேட்’ பப்பில் தொடங்கினோம். ராம்ஸ்கேட் மீனவர்கள் மீன் இறக்கிய துறை என்பதால் வந்த பெயர். கேப்டன் கிட் என்ற கடற்கொள்ளையரின் பெயரில் இருக்கும் பப்பைப் பார்த்ததும் பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். கிட் 1701இல் வாப்பிங்கில் தூக்கிலிடப்பட்டது உண்மை. அந்த பப் திறந்ததோ 1980களில். இந்தக் கரையில் பலகையில் எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லிவிட்டோம்.

அப்புறம் ‘ப்ராஸ்பெக்ட் ஆஃப் விட்பி’. 1520வாக்கில் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் கடை. கல் பாவிய தரை, பீப்பாய்களின் மேல் நிற்கும் பார் மேசை, அதன்மேல் கையூன்றி ஊன்றி மங்கிப்போன வெள்ளீயத் தகடு. வெளியே ஆற்றுப் பக்கம் ஒரு தூக்குக் கயிறு தொங்குகிறது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயரின் மேல்தான் கண் போனது. எதிரே ஆற்றில் நங்கூரமிட்டு நின்ற, விட்பி ஊரைச் சேர்ந்த ‘ப்ராஸ்பெக்ட்’ என்ற நிலக்கரிக் கப்பலின் பெயர் அது என்கிறார்கள். பக்கத்துப் பெலிகன் படிகளில் பாசி வழுக்கியது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கீழே சேற்றில், கூழாங்கல் போலத் தண்ணீர் உருட்டி வழவழப்பாக்கிய கரித்துண்டுகள் கிடந்தன. பொறுக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதால் பார்த்துவிட்டு அங்கேயே விட்டு வந்தோம்.

அந்தக் கரித்துண்டுதான் இந்த ஆண்டின் கதை. லண்டனின் அடுப்பெரிக்க நியூகாசில் பக்கத்திலிருந்து கடல்வழியே கரி வந்தது. அதை இறக்க ஒன்பது பேர் கொண்ட ஒரு கூட்டம். நான்கு பேர் கப்பல் வயிற்றுக்குள் நின்று அள்ளிப் போடுவார்கள். நான்கு பேர் மேலே படிபோன்ற சட்டத்தில் ஏறி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் குதிப்பார்கள். அந்தப் பாரத்தில் கூடை மேலே வரும். ஒன்பதாமவர் அதைக் கவிழ்ப்பார். நாள் முழுக்க ஏறுவதும் குதிப்பதும்தான்.

இந்த வேலையை யார் கொடுத்தது? பப் முதலாளி. கப்பல்காரரிடம் பேசி ஆள் பிடித்துக் கொடுத்தவர் பல இடங்களில் அவரே. அவர் கடையில் குடித்தவனுக்கு வேலை. அதிகம் குடித்தவனுக்கு முதலில் வேலை. சம்பளமும் கடையிலேயே, சனிக்கிழமை இரவில், பற்றுக்கணக்கைக் கழித்துக்கொண்டுதான் கைக்கு வரும். இதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு பெரியவர், “இது எங்கள் தோட்டத்துக் கங்காணி அல்லவா!” என்றார். இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பகுதியில் பிறந்தவர் அவர். ஆள் கட்டுகிறவனே கடன் கொடுக்கிறவனாகவும் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர் தம் தாத்தாவின் கதையாகச் சொன்னார். அரைமணி நேரம் நாங்கள் யாரும் அசையவில்லை.

1768 ஏப்ரலில் ஷாட்வெல்லில் ‘ரவுண்ட்அபவுட்’ மதுக்கடை நடத்திய ஜான் கிரீன், கரி இறக்கும் ஆட்களைப் பதிவு செய்யும் முகவராகவும் இருந்தார். ஆத்திரமடைந்த தொழிலாளர்கள், பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள், இரவில் அவர் கடையைச் சூழ்ந்து தாக்கினார்கள். கிரீன் உள்ளிருந்து சுட்டார், ஆட்கள் இறந்தார்கள். விடிந்த பிறகு தப்பி, பக்கத்துக் கப்பல் பட்டறையில் மரமறுக்கும் குழிக்குள் பதுங்கினார். கொலை வழக்கில் அவர் விடுதலையானார். அவரைச் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஏழு தொழிலாளர்களை ஜூலை 26 அன்று ஷாட்வெல்லின் சன் டேவர்ன் திடலில் தூக்கிலிட்டார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களையும் நம் கூட்டத்தில் வாசித்து எழுந்து நின்றோம். நான் செயலாளரான பிறகு இந்த வட்டம் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்த முறையை உடைக்க 1843இல் ஒரு சட்டம் வந்தது. கரி இறக்குவோருக்குத் தனி அலுவலகம் திறந்தார்கள். மதுக்கடையில் வைத்துக் கூலி கொடுப்பதைத் தடுக்கும் பொதுச் சட்டத்துக்கு 1883 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லா முதலாளிகளையும் ஒரே தராசில் நிறுப்பதும் சரியல்ல. 1811 டிசம்பரில் ராட்கிளிஃப் ஹைவே கொலைகளில் இறந்த ஜான் வில்லியம்சன், ‘கிங்ஸ் ஆர்ம்ஸ்’ என்ற சிறு மதுக்கடையை மனைவியோடு நடத்தியவர். இருவரும் பணிப்பெண்ணும் கொல்லப்பட்டார்கள். மாடியில் தங்கியிருந்தவர் படுக்கை விரிப்புகளை முடிந்து இறங்கித் தப்பினார். கணவர் போனபின் உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக் கடையை நடத்திய கைம்பெண்களும் பலர். உரிமப் பதிவேடுகளில் அவர்களைத் தேடும் வேலையை நம் மகளிர் உறுப்பினர் இருவர் தொடங்கியிருக்கிறார்கள்.

மற்ற செய்திகள். அக்டோபர் கூட்டத்துக்கு நாம் பணம் கட்டியிருந்த மண்டபத்தை இரண்டு நாள் முன்பு ரத்து செய்தார்கள். கட்டிய பணம் இன்னும் திரும்பவில்லை. அன்று தம் வீட்டு வரவேற்பறையைத் திறந்துவிட்டு எல்லோருக்கும் இடியப்பமும் சொதியும் கொடுத்த உறுப்பினர் குடும்பத்துக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். சந்தாவில் மாற்றம் இல்லை.

வரும் ஆண்டில் லைம்ஹவுஸுக்குப் போகிறோம். ஆசிய, ஆப்பிரிக்க மாலுமிகளுக்காக வெஸ்ட் இந்தியா டாக் சாலையில் 1857இல் திறந்த தங்கும் விடுதியே பொருள். நம் பக்கத்திலிருந்து வந்த லஸ்கர் மாலுமிகள் கரையிறங்கியதும் யார் கையில் சிக்கினார்கள் என்பதைப் பார்ப்போம். உங்கள் வீட்டில் கப்பலில் வேலை பார்த்தவர்களின் கடிதமோ படமோ இருந்தால் ஒரு நகல் எடுத்துத் தாருங்கள். அடுத்த நடைக்கு வழுக்காத செருப்பு போட்டு வரவும்.

இந்த அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்