அது சித்தாங் பாலம் இல்லை

மோல்மீன், பர்மா

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் நலமும் வீட்டில் அனைவர் நலமும் அறிய ஆவல். எனக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலது கண்ணில் இப்போது பொடி எழுத்தும் தெரிகிறது. உன் பேரன் அனுப்பிய மூன்று படங்களையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தேன். போனில் பார்த்தது போதவில்லை. மகளிடம் சொல்லிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வாங்கி, லென்ஸை வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டேஷன் வேலியில் ஏறி உட்கார்ந்து, விசில் சத்தத்தை வைத்தே எந்த எஞ்சின் வருகிறது என்று பந்தயம் கட்டுவோமே, அந்த ஆசை இன்னும் அப்படியே இருக்கிறது.

முதலில் உன் அப்பா நிற்கிற படம். ‘சித்தாங் பாலம்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். அது சித்தாங் பாலம் இல்லை, ஆவா பாலம். மாந்தலேயிலிருந்து சகைங்குக்கு ஐராவதியைக் கடக்கிற பழைய பாலம்.

நீ ஏன் சித்தாங் என்று நினைத்தாய் என்பது புரிகிறது. பாலத்தின் இரண்டு கண் ஆற்றுக்குள் சரிந்து கிடக்கிறது. பின்னால் குன்று, குன்றின் மேல் வெள்ளையாகப் பயா, அதாவது புத்தர் கோபுரம். மோல்மீனிலிருந்து ரங்கூன் போகிற வழியில் இருந்த சித்தாங் பாலத்தை, ஜப்பான் படை கைக்குப் போகாமல் இருக்க, 1942 பிப்ரவரி 23 விடியற்காலையில் பிரிட்டிஷ் படையே வெடி வைத்துத் தகர்த்தது. அவர்களுடைய 17ஆம் இந்தியப் படைப்பிரிவில் பெரும்பகுதி அப்போது அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கரையிலும் குன்று உண்டு, பயா உண்டு. அதனால் பயாவை மட்டும் வைத்து இடத்தைச் சொல்லிவிட முடியாது. பாலத்தின் பக்கவாட்டைப் பார். இரும்புச் சட்டத்துக்கு வெளியே, கைப்பிடிக் கம்பியோடு ஒரு நடை நீண்டு போகிறதல்லவா? அதில் ஒரு மாட்டு வண்டிகூட நிற்கிறது. ஆவா பாலத்தில் ரயில் நடுவே ஓடும், இரண்டு பக்கமும் வண்டிப் பாதை. சித்தாங் பாலம் ரயிலுக்கென்று கட்டியது. சண்டை நேரத்தில் பலகை பரப்பித்தான் அதன் மேல் லாரிகளை ஓட்டினார்கள்.

சரி, எந்த வருஷம்? ஆவா பாலம் 1934இல் கட்டியது, 16 கண். 1942 ஏப்ரல் 30 இரவு, பின்வாங்கிப் போகும்போது பிரிட்டிஷ்காரர்கள் இரண்டு கண்ணைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். 1954இல்தான் சரிசெய்து திறந்தார்கள். ஆக, படம் அந்தப் பன்னிரண்டு வருஷத்துக்குள் எடுத்தது. இன்னும் கிட்டே போகலாம். கீழே வலது மூலையில், உன் அப்பாவின் காலடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உலை இருக்கிறது, கையால் சுற்றுகிற துருத்தியோடு. அதன் முன்னால் குந்தியிருக்கிற பையன் கையில் முழம் நீளத்துக்கு ஒரு குறடு. இரும்பை இணைக்கிற ரிவிட் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி எடுத்து மேலே இருப்பவனுக்கு வீசுகிற குறடு அது. பாலத்தைப் பழுது பார்க்கிற வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஆற்றின் நடுவில் மணல் திட்டு, அதில் பாத்தி கட்டி ஏதோ பயிர். மழை வந்தால் அந்தத் திட்டு முழுகிப் போகும். அதனால் மாசி, பங்குனி வாக்கில் எடுத்த படம். 1953 அல்லது அதை ஒட்டி என்பது என் முடிவு.

உன் அம்மா எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் அம்மாவிடம் சொல்வார்கள், நீயும் கேட்டிருப்பாய்: “கல்யாணம் முடிஞ்ச கையோட மேல்பர்மாவுக்குப் போன மனுஷன், இவன் பொறந்து குப்புற விழுந்த பிறகுதான் வந்து மொகத்தைப் பார்த்தார்.” எங்கே போனார், என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. இங்கேதான் போயிருக்கிறார். அவர் சித்தாங்கைப் பற்றி ஓயாமல் பேசினார் என்றால், அது மோல்மீனை விட்டு ஓடியபோது அந்தப் பாலத்தைக் கடந்த கதை. படத்தில் உடைந்த பாலத்தைப் பார்த்ததும் உனக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. படத்தில் அவர் சிரிக்கிறார், கவனித்தாயா? எனக்குத் தெரிந்து அவர் கேமராவுக்குச் சிரித்த படம் வேறு கிடையாது.

ஆவா பாலம் இப்போது இல்லை. 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இடிந்து ஆற்றில் இறங்கிவிட்டது. அந்த வீடியோவை அன்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இளவயதில் ஒரு தடவை அதன் மேல் ரயிலில் போயிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே, நம் பெட்டிக்குச் சமமாகச் சைக்கிளில் போன ஒரு பெண் தலையில் வெற்றிலைக் கூடையோடு என்னைப் பார்த்துச் சிரித்தாள். 1990களின் கடைசியில் பியாய் ஊரில் நவடே பாலம் வரும் வரை, பர்மாவில் ஐராவதி முழுவதுக்கும் அது ஒன்றுதான் பாலம். உன் அப்பா அடித்த ரிவிட்டுகள் எழுபது வருஷம் அதைத் தாங்கியிருக்கின்றன.

இரண்டாவது படம். இதில் நீ ‘கோக்தேக்’ என்று எழுதியது தவறு. ஷான் மலையில் இருக்கிற கோக்தேக் ரயில் பாலம் முழுக்க எஃகுக் கோபுரங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலிருந்து கப்பலில் இரும்பு கொண்டுவந்து கட்டியது, 689 மீட்டர் நீளம். பள்ளத்தாக்கை நேராகக் கடக்கும். அடியில் ஓடுகிற ஆறு பாறைக் குகைக்குள் நுழைந்துவிடும். உன் படத்தில் ஆறு தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கூட வருகிறது. ஒரு புறம் செங்குத்துப் பாறை, மறு புறம் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக நட்ட தாங்கல். இது சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், குவே நோய் ஆற்றங்கரையில், வாங்போ என்கிற இடம். உலகப் போரில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரர்கள் போட்ட மரண ரயில் பாதை. உன் மனைவி வழியில் பினாங்கு உறவு இருக்கிறதே, அங்கிருந்து இந்தப் படம் வந்திருக்கலாம். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்களை லாரி லாரியாகக் கொண்டுபோய் அந்தப் பாதையில்தான் வேலை வாங்கினார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடிந்தது. அதன் பர்மா முனை இங்கே பக்கத்தில் தான்பியூசயாட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை போய்வருவேன். போர்க்கைதிகளுக்கு அங்கே பெயர் பொறித்த கல் வரிசை வரிசையாக இருக்கிறது. நம் கூலிகளின் பெயரைத் தேடினால் கிடைக்காது. வெளியே ரோட்டோரம் நின்று கற்பூரம் ஏற்றிவிட்டு வருவேன். அந்த உறவில் யாராவது அப்படிப் போனவர்களா என்று உன் மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார். தெரிந்தால் ஊர் பேரையும் ஆள் பேரையும் எழுது.

மூன்றாவது சுலபம். பெட்டியில் ஜப்பான் எழுத்து இருப்பதால் குழம்பியிருக்கிறாய். அது ரங்கூன் வட்ட ரயில்தான். ஜப்பானில் ஓடித் தேய்ந்த டீசல் வண்டிகளை வாங்கி, சக்கரத்தை மீட்டர் கேஜுக்கு நெருக்கிப் போட்டு ஓட்டினார்கள். எழுத்தை அழிக்கவில்லை. பிளாட்பாரத்தில், பர்மாப் பெண்கள் முகத்தில் பூசுகிற தனக்காச் சாந்து பூசிய பெண் சோளக்கதிர் விற்கிறாள், அது போதாதா?

வேறு என்ன? கோயிலில் இந்த வருஷம் தீமிதி சிறியதாகத்தான் நடந்தது, இளவட்டங்கள் பாதிப் பேர் தாய்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். நம் பழைய ஸ்கூல் வாசல் புளியமரம் இன்னும் நிற்கிறது. பொன்மலை ஒர்க்ஷாப் பக்கம் ஒரு நாள் போய், பழைய மீட்டர் கேஜ் எஞ்சின் ஏதாவது நிறுத்தி வைத்திருந்தால் எனக்காக ஒரு படம் எடு. சக்கரங்கள் எல்லாம் தெரிய வேண்டும், சும்மா முகப்பை மட்டும் எடுத்துவிடாதே.

அப்புறம் முக்கியமான விஷயம். அப்பா படத்தை ஆல்பத்தில் ஒட்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறது, ஓரத்தில் பசை தெரிகிறது. பிய்த்து எடுக்காதே. ஒரு நல்ல போட்டோக்காரரிடம் கொடுத்து நிதானமாகப் பிரித்து, பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பு. அந்தக் காலத்தில் ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் குத்துவார்கள். மாந்தலே என்று இருந்தால் உடனே போன் பண்ணு, ராத்திரியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் மோல்மீன் தோழன்