மாடிப் படியில் ஒரு சத்தம்

அன்புள்ள தோழிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. மட்டக்களப்பில் வெயில் என்கிறீர். வெள்ளவத்தையில் மூன்று நாளாக மழை. கடற்கரைப் பக்கம் நடக்கப் போகாததில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

போன கிழமை மேல்மாடிப் பிள்ளை ஒருத்தி கதவைத் தட்டினாள். "அன்ரி, நீங்கள் நேர்ஸா இருந்தனீங்கள்தானே" என்று தொடங்கி, நாள் தள்ளிப்போன சிநேகிதி ஒருத்திக்குக் கருவைக் கலைக்கக் குளிசை எங்கே வாங்கலாம் என்றாள். எந்தச் சிநேகிதி என்று நான் கேட்கவில்லை. வயிற்றுப்புண்ணுக்கென்று வந்த மிசோப்ரோஸ்டோலைத்தான் தேடுகிறாள். கள்ளமாக வாங்கினால் அது அசலா, எத்தனை போடுவது என்று சொல்ல ஆளில்லை.

அன்றிரவு நித்திரை வரவில்லை. நம் வார்டின் கடைசிக் கட்டில் ஞாபகம் இருக்கிறதா? குளியலறையில் வழுக்கி விழுந்ததாகவே இரண்டு நாள் சாதித்தாளே. காய்ச்சல் 104. கள்ளமாகக் கருவைக் கலைத்த உண்மை வெளிவந்தபோது கருப்பையில் ஓட்டை, இரத்தத்தில் கிருமி, சிறுநீரும் நின்றுவிட்டது. மூன்று பிள்ளைகளின் தாய். நாமும் அவளை ஏசினோம், அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. அவளுக்கோ பொலிஸ் பயம். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருக்கலைப்புக்கு இடம் கொடுக்கிறது. தானே கலைத்துக்கொண்டவளுக்கும் சிறைதான், வல்லுறவுக்கு ஆளானவளுக்கும் விலக்கில்லை. இதைத் தளர்த்த 1995இல் நாடாளுமன்றம் வரை போன திருத்தம் திரும்பி வந்தது. 2017இல் அமைச்சரவை சம்மதித்தும், மதத் தலைவர்கள் எதிர்க்கக் கிடப்பில் போனது.

தளர்த்தினால் எல்லாரும் கலைப்பார்கள் என்று நீர் வாதாடுவீர். சரி, இறுக்கியபோது நின்றார்களா? ருமேனியாவில் 1966இல் தடுத்தார்கள். பெண்கள் ஒளித்துக் கலைத்துச் செத்தார்கள். 1989 கடைசியில் தடை நீங்கியது, அடுத்த வருடமே தாய் மரணம் ஏறக்குறையப் பாதியானது. நம் வார்டிலும் சட்டத்துக்குப் பயந்து கலைக்காமல் விட்டவளை நான் காணவில்லை. பயந்து பிந்தி வந்தவர்களைத்தான் கண்டேன்.

அந்தப் பிள்ளைக்குக் குளிசைக்கு வழி சொல்லவில்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு பாட் நனைந்தாலோ, காய்ச்சலோ கெட்ட வாடையோ வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், டொக்டரிடம் ஒன்றையும் ஒளிக்கக்கூடாது என்றேன். நடுச்சாமமானாலும் என்னை எழுப்பச் சொன்னேன். இன்னும் வரவில்லை. படியில் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறேன்.

அப்புறம், தையில் வருவதாக எழுதினீரே, நிச்சயமா? வரும்போது உங்கள் வளவு முருங்கைக்காய் கொஞ்சம் கொண்டு வாரும்.

அன்புடன்,
உமது பழைய வார்டுக் கூட்டாளி