தோப்பு இருக்கட்டும் அப்பா

ஆக்டன், மாசசூசெட்ஸ்
பங்குனி 24

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, தங்கச்சி எல்லாரும் நலமாக இருக்க சொரிமுத்து அய்யனார் துணை.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. பழைய விலாசத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி, ஐந்து வாரம் அலைந்திருக்கிறது. வீடு மாறியதை நான் எழுதியிருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான். போனில் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் நீங்கள் "சரி, வச்சிரட்டா" என்பதற்குள் எதையும் சொல்லி முடிவதில்லை.

புது வீடு சின்னது. ஒரு அறை, ஓரத்தில் அடுப்பு. ஒற்றை ஆளுக்கு இது போதும். வண்டியையும் கொடுத்துவிட்டேன். போஸ்டன் 40 கிலோமீட்டர். போக வேண்டுமென்றால் ரயில் இருக்கிறது, நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். வேலை இப்போது கொஞ்சம் குறைவு. அதனால் பகலிலும் நடக்க நேரம் கிடைக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். கொடுத்துவிட்ட அப்பளக் கட்டில் பாதி இன்னும் இருக்கிறது. ரசம் வைத்து, இரண்டு அப்பளம் சுட்டுக்கொண்டால் இந்தக் குளிருக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை.

வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடுகிறது. மொத்த ஊரும் 24 ஆயிரம் பேர்தான். ஆனால் ஊருக்குள் அங்கங்கே ஊர்ப் பொதுவில் காடுகள், சதுப்பு, ஓடை, குளம். நம் பக்கம் மலைக்குள் போக செக்போஸ்ட்டில் நின்று பெயர் எழுத வேண்டும். இங்கே யாரும் கேட்பதில்லை. மரத்தில் பட்டை பட்டையாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். மஞ்சள் என்றால் முக்கியமான சுற்றுப் பாதை, நீலம் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போவது, சிவப்பு கிளைப் பாதை. இரண்டு பட்டை ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் பாதை திரும்பப் போகிறது என்று அர்த்தம். மேல் பட்டை எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறதோ அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். முதல் மாதம் இது தெரியாமல் நஷோபா ஓடைப் பக்கம் ஒரு மணி நேரம் சுற்றினேன். அங்கே மண்ணுக்குள் கல்லால் கட்டிய ஒரு அறை இருக்கிறது. உருளைக்கிழங்குக் குகை என்று அதற்குப் பழைய பெயர். உள்ளே குனிந்து நின்றால் நம் கோயில் பிராகார மூலை மாதிரி ஈரக் கல் வாசனை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டுப் பாட்டி. 81 வயது. இடுப்பில் கைரம்பம், கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா. பாதையில் மரம் விழுந்தால் இவர்தான் போய் அறுப்பார். சம்பளம் கிடையாது. அதிகம் பேசவும் மாட்டார். நான் காட்டிலிருந்து வந்தால் வாசலில் நிறுத்தி, முழங்காலுக்குப் பின்னால் உண்ணி பார்த்தாயா என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார். இங்கே மான் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் காய்ச்சலும் மூட்டு வலியும் தரும் லைம் நோய் வரலாம். அதனால் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடக்கிறேன். அம்மாவிடம் இந்த வரியைப் படித்துக் காட்ட வேண்டாம்.

காட்டுக்குள் நடக்க நடக்க, இடுப்பளவு கல் வேலிகள் வரும். நாலாபுறமும் பெரிய மரங்கள், நடுவே ஆளில்லாமல் வரப்பு போல ஓடும். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இந்த இடமெல்லாம் மரம் வெட்டிப்போட்ட வயலும் மேய்ச்சலுமாம். குளிர்காலத்தில் மண் உறைந்து இளகும்போது ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கல் மேலே வரும், அதைப் பொறுக்கி வரப்பில் அடுக்கியிருக்கிறார்கள். பிறகு மேற்கே நல்ல நிலம் கிடைக்கிறது என்று விட்டுவிட்டுப் போனார்கள். காடு திரும்பி வந்துவிட்டது. அந்தக் கல்லில் கை வைத்தால், யாரோ ஒரு சம்சாரி முதுகு நோக அடுக்கியது என்று தெரிகிறது அப்பா.

வந்த காட்டைக் காப்பாற்றியது ஊர்க்காரர்கள்தான். நிலத்தையும் நீரையும் காக்க ஊருக்கு ஊர் ஒரு குழு வைத்துக்கொள்ளலாம் என்று இந்த மாநிலத்தில் 1957ல் சட்டம் வந்தது. 2000ல் இன்னொன்று: ஊர் வாக்களித்து வீட்டு வரியோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டச் சம்மதித்தால், மாநிலமும் தன் பங்கைப் போடும், அந்தப் பணத்தில் நிலம் வாங்கலாம். அப்படி ஊர் வாங்கிய காட்டைப் பிறகு வேறு எதற்காவது கொடுக்க வேண்டும் என்றால், மாநிலச் சட்டசபையின் இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்று சொல்ல வேண்டும். பாட்டியின் மாமனார் ஆப்பிள் தோப்பும் ஊர்க் கைக்குத்தான் போனதாம். வீடு கட்டுகிறவர்கள் அதிகம் தருவதாகச் சொல்லியும் அவர் கொடுக்கவில்லை. இப்போது அந்தத் தோப்புக்குள்தான் எங்கள் பாதை போகிறது.

போன மாதம் பாட்டி ஒரு பாட்டில் மேப்பிள் பாகு கொடுத்தார். மரத்தில் துளை போட்டு, சொட்டுச் சொட்டாக வாளியில் பிடித்து, 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு தேறும். பதநீர் காய்ச்சுகிற கதைதான். தோசைக்கு ஊற்றிக்கொண்டேன். கருப்பட்டிக்கு ஈடாகாது, ஆனால் புகை வாசம் அதேதான்.

ஒரு ராத்திரி நான் போன் பண்ணி, நீங்கள் எடுத்ததும் "சும்மாதான்" என்று வைத்துவிட்டேனே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு இங்கே வருஷத்தின் முதல் வெதுவெதுப்பான மழை. ஒன்பது மணிக்குப் பாட்டி கதவைத் தட்டி, டார்ச் எடுத்துக்கொண்டு வா என்றார். அந்த ஒரு மழைக்காகக் காத்திருந்து, சாலமாண்டர்கள் காட்டிலிருந்து மழைக்குட்டைகளுக்கு முட்டையிட ரோட்டைக் கடக்கும். பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளை வகையைச் சேர்ந்தவை. வண்டி ஏறாமல் தூக்கி மறுபக்கம் விட வேண்டும். கையளவு நீளம், கன்னங்கரேல், முதுகில் மஞ்சள் பொட்டுகள். உள்ளங்கையில் வைத்தால் ஈரத் துணி மாதிரி குளிர்ச்சி, விரலை மெதுவாகப் பிடித்துக்கொள்கிறது. குட்டையில் தவளைகள் வாத்து மாதிரி கத்திக்கொண்டிருந்தன. ஆச்சிக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுக்கலாம் என்றுதான் போன் போட்டேன். ஆச்சி கோயிலுக்குப் போயிருந்தாள். உங்கள் குரலுக்குப் பின்னால் வாசல் தெளிக்கிற சத்தம் கேட்டது. அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. மழையிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்ட அன்றைக்கு நீங்கள் என்னைத் தோளில் வைத்து மடை திறக்கக் கூட்டிப்போனது நினைவுக்கு வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தோப்பை விற்கப் பவர் பத்திரம் அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். நான் அனுப்பவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். சித்தப்பா அந்தப் பிளாட்காரரிடம் முன்பணம் ஏதும் வாங்கிவிடவில்லையே? வாங்கியிருந்தால் உடனே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். கல் ஊன்றிவிட்டால் அப்புறம் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. தங்கச்சி கல்யாணத்துக்கு நான் சொன்ன தொகை வரும். ஆவணிக்குள் பாதி, மீதி தைக்குள். இரண்டு மாதமாகக் குறைத்து அனுப்பியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், வீடு மாறிய செலவு. மாப்பிள்ளை வீட்டார் அவசரப்பட்டால் தென்காசி அத்தையை விட்டுப் பேசச் சொல்லுங்கள், அவள் சொன்னால் கேட்பார்கள்.

இந்த வருஷ மாங்காயை மொத்தக் குத்தகைக்கு விடுங்கள். பிசான நெல்லையும் களத்திலேயே கொடுக்காமல் ஒரு மாதம் வைத்திருந்து பாருங்கள். ஆச்சியைச் சித்திரை பிறந்ததும் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள். தோப்புப் பட்டா நகல் ஒன்றும், வில்லங்கச் சான்று போட்டு அதுவும் எனக்கு அனுப்புங்கள். புது விலாசம் கவரின் பின்னால் இருக்கிறது. கிணற்றடி ரெட்டை மரத்தில் பிஞ்சு பிடித்ததா என்றும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகன்