உன் மதிப்பெண் தாளைக் கிழித்துப் போடு

அன்பு மணி,

பதில் தாமதம்தான். திட்ட வேண்டியதைத் திட்டிவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம்.

இன்று என்னை எழுத உட்கார வைத்தது, நீ நடுவராக இருக்கும் நுண்ணுயிர்ப் புகைப்படப் போட்டியின் மதிப்பெண் தாள். கூர்மைக்கு 10, நிறத்துக்கு 10, அழகுக்கு 10! நடுவர் ஐயா, கல்யாண ஆல்பத்துக்கும் இதே தாள் போதுமே. நுண்ணுயிர்ப் படத்துக்கு எதற்கு?

எனக்கு வயிற்றெரிச்சல் அந்த முதல் கட்டத்தின் மேல்தான். ‘கூர்மை’ என்று நீ ஒரே பெயரில் அடைத்திருப்பது இரண்டு வேறு சங்கதிகள். ஓரம் கறுப்பாக, அழுத்தமாகத் தெரிவது கான்ட்ராஸ்ட். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வரிகள் இரண்டாகவே தெரிவது பிரிதிறன். ஒன்றைக் கூட்ட இன்னொன்றைப் பலி கொடுக்கலாம், உனக்குப் படம் அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

கணக்கைப் பார். ஆப்ஜெக்டிவின் (ஸ்லைடை நோக்கி நிற்கும் லென்ஸ்) என்.ஏ., அதாவது அது எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்கும் என்ற எண், கண்டென்சரின் (ஸ்லைடின் மேல் விளக்கொளியைக் குவிக்கும் லென்ஸ்) என்.ஏ. இரண்டையும் கூட்டி, அதால் ஒளியின் அலைநீளத்தை வகுத்தால் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி கிடைக்கும். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்று வை. 40 மடங்கு, 0.65 என்.ஏ. ஆப்ஜெக்டிவ், கண்டென்சரும் அதே அளவுக்குத் திறந்திருந்தால் 0.42 மைக்ரான். கண்டென்சரின் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் டயஃபிரமை முக்கால் பங்கு திறந்து வைத்தால் 0.48. அதையே கண்டென்சர் என்.ஏ. 0.2 ஆகும் வரை மூடினால் 0.65 மைக்ரான். இப்போது ப்ளூரோசிக்மா அங்குலாட்டம் என்ற டயாட்டத்தை (கண்ணாடி போன்ற ஓடுள்ள ஒற்றைச்செல் பாசி) எடுத்துக்கொள், அதில் 10 மைக்ரானுக்குச் சுமார் 20 வரிகள், அதாவது வரிக்கு வரி அரை மைக்ரான். முக்கால் திறப்பில் அவை மங்கலாகவாவது தெரியும். மூடினால் ஓடு வழவழவென்று ஆகிவிடும், ஓரம் மட்டும் மை தீட்டியது போலப் பளிச்சிடும். பார்ப்பவர் ‘ஆகா, என்ன கூர்மை’ என்பார். உன் தாளும் அதற்கு 9 போடும்!

மூடிய டயஃபிரமைப் படத்திலேயே பிடித்துவிடலாம். ஓரத்துக்கு வெளியே ஒன்றுக்குப் பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும் இருள்-ஒளிக் கோடுகள் இருக்கும். பாக்டீரியாக்கள் புள்ளியாக இல்லாமல் வளையம் சூழ்ந்த புள்ளியாகத் தெரியும். மேலே கீழே கிடக்கும் தூசியெல்லாம் ‘நானும் இருக்கிறேன்’ என்று ஃபோகஸுக்கு வந்து நிற்கும். கணினியில் ஷார்ப்பன் செய்த, அதாவது ஓரங்களைச் செயற்கையாக அழுத்திக் காட்டிய படம் வேறு மாதிரி. அங்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு, எல்லா ஓரத்திலும் ஒரே அகலத்தில், ஃபோகஸில் இல்லாத பாசி இழையைச் சுற்றியும்கூட. பின்னணியில் மணல் தூவியதுபோல் இரைச்சல் எழும்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். ஆகவே படத்தை 100 சதவீதத்தில் திறந்ததும் முதலில் பிராணியைப் பார்க்காதே, வெறும் பின்னணியைப் பார். பிராணி உன்னை மயக்கிவிடும்.

அதே நேரம் லென்ஸால் முடியாததைக் கேட்டு மார்க்கைக் குறைப்பதும் அநியாயம். 10 மடங்கு, 0.25 என்.ஏ. ஆப்ஜெக்டிவின் எல்லையே 1.1 மைக்ரான். ஒரு சிலியத்தின் (நுண்ணுயிரின் உடலில் துடிக்கும் மயிரிழை, பன்மையில் சிலியா) தடிமன் கால் மைக்ரான்தான். தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் அது தெரியும், ஆனால் உள்ளதைவிடத் தடித்துத் தெரியும். நெருக்கமாக இருந்தால் ஒரே புகைப் பட்டைதான். 10 மடங்கில் எடுத்த அந்தப் படத்தில் சிலியாவை எண்ண முடியவில்லை என்று நீ குறை எழுதியிருக்கிறாய், யாராலும் எண்ண முடியாது.

கேமராவும் கழுத்தறுக்கும். பிரிதிறன் அளவில் பாதிக்கு மேல் ஒரு பிக்சல் போகக் கூடாது. 3.45 மைக்ரான் பிக்சல், கேமராவை நுண்ணோக்கியோடு இணைக்கும் 0.5 மடங்கு அடாப்டர், 40 ஆப்ஜெக்டிவ் என்றால் ஸ்லைடில் ஒரு பிக்சல் 0.17 மைக்ரான், தாராளம். அதே அடாப்டரோடு 10 ஆப்ஜெக்டிவுக்கு மாறினால் 0.69 ஆகிறது, வேண்டியதோ 1.1-இல் பாதி, 0.55. லென்ஸ் காட்டியதைக் கேமரா விழுங்கிவிட்டது. கீழே ‘400 மடங்கு’ என்று எழுதியிருப்பதை அடித்துவிடு, எந்தத் திரையில் 400? அளவுகோல் கோடு இல்லாத படத்தைத் திருப்பி அனுப்பு.

மங்கலில் வகை உண்டு. ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருந்தால் அசைவு. பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரி வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர் நீந்துகிறது என்று வைத்தால், 1/60 வினாடியில் 17 மைக்ரான் நகர்ந்துவிடும். 1/1000 வைத்தாலும் ஒரு மைக்ரான், அந்த 0.42-ஐவிட அதிகம். ஃபிளாஷ்தான் வழி, அல்லது மெத்தில் செல்லுலோஸ் என்ற கொழகொழப்பான கரைசலில் விட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். படம் முழுக்கப் பால் கலந்ததுபோல் மங்கி, ஃபோகஸ் எங்கே வைத்தாலும் தெளியாமல் இருந்தால், பிராணி கவர் ஸ்லிப்புக்கு (மேலே மூடும் மெல்லிய கண்ணாடி) அடியில் ஆழமான தண்ணீரில் கிடக்கிறது, இல்லையேல் கவர் ஸ்லிப்பே 0.17 மில்லிமீட்டராக இல்லை. விளிம்பில் ஒற்றுத்தாள் வைத்துக் கொஞ்சம் தண்ணீரை இழுத்தால் சரியாகும். ரொம்ப இழுத்தால் அடுத்த வம்பு.

அந்த வம்புக்கு உன் தாளில் கட்டமே இல்லை: பிராணி எந்த நிலையில் இருக்கிறது? நசுங்கிய பாரமீசியம் அகன்று, ஓரத்தில் கண்ணாடிக் கொப்புளம் தள்ளி, தண்ணீரை வெளியேற்றும் சுருங்கு குமிழ் ஊதிப்போய்க் கிடக்கும். அசையாது, ஆகவே படம் தெளிவாக வரும்! ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு தலையிலுள்ள சிலியாச் சக்கரத்தை உள்ளே இழுத்துப் பந்தாகிவிட்டால் அது என்ன இனம் என்று சொல்ல வழியே இல்லை. நீ மொத்தம் 28 போட்ட அந்த டார்டிகிரேடு (எட்டுக் கால் நுண்விலங்கு) இருக்கிறதே, கால்களை விறைப்பாக நீட்டி, உடல் உப்பி? அது போஸ் கொடுக்கவில்லையடா. ஆக்சிஜன் போதாமல் அப்படி விறைத்துப்போயிருக்கிறது. நகமும் வாய்க்குழாயும் ஃபோகஸில் இருக்கும் இன்னொரு படத்துக்கு, நிறம் மங்கல் என்று 19! பெரியசாமி சார் பார்த்திருந்தால் ஸ்டூலைத் தூக்கியிருப்பார்.

நுட்பத்தையும் கணக்கில் எடு. நிறமற்ற உயிரியையும் கறுப்பு வெளுப்பாகக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறையில் ஓரத்து ஒளிவட்டம் கூடவே பிறந்தது, அதற்கு மார்க் குறைக்காதே. நிழல் விழுந்ததுபோல் காட்டும் டி.ஐ.சி. என்ற இன்னொரு முறையின் மேடு பள்ளத்தை நம்பி ‘முப்பரிமாணம் அருமை’ என்று எழுதாதே. நிழல் விழும் திசையை மாற்றினால் அதே மேடு குழியாகும்.

ஸ்டாக் செய்த, அதாவது வெவ்வேறு ஃபோகஸில் எடுத்த பல படங்களை அடுக்கி ஒன்றாக்கிய படங்களில் உயிருள்ள பிராணி இருந்தால் எப்போதும் சந்தேகப்படு. இறந்த டயாட்டத்துக்கு 40 அடுக்கு சேர்க்கலாம், அது அசையாது. நீந்தும் ரோட்டிஃபருக்குச் சேர்த்தால் ஒரே முள் இரண்டாகும், குறுக்கே போகும் இழையைச் சுற்றி வெளிறிய புகை நிற்கும்.

இனி சொல்வது விளையாட்டில்லை. செயற்கை நுண்ணறிவு வைத்து இரைச்சல் நீக்கிய படங்கள் உனக்கு வந்த படக் கட்டுக்குள் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அந்த மென்பொருள் இல்லாத வரியைப் போட்டு நிரப்பும், அதுவும் ஒழுங்காக, அழகாக. இந்தப் படங்களை வைத்து நாளை யாரோ ஒருவர் வரி எண்ணி இனப்பெயர் வைப்பார். ஓட்டின் வரிகள் லென்ஸின் எல்லையைவிட நெருக்கமாகத் தெரிந்தால், அவை பிராணியிடமிருந்து வந்தவை அல்ல. அந்த நீல ஸ்டென்டர் (ஊதுகுழல் வடிவ ஒற்றைச்செல் உயிரி) படத்துக்கு முதல் பரிசு அறிவிக்கும் முன் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கு. தர மறுத்தால் பரிசும் மறுக்கப்படட்டும், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும்.

எல்லோரிடமும் ஆப்ஜெக்டிவ், என்.ஏ., எக்ஸ்போஷர் நேரம், எத்தனை அடுக்கு, என்னென்ன திருத்தம் என்று எழுதி வாங்கிவிடு. அதற்குப் பிறகு அழகுக்கு எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள், நான் வாயைத் திறக்கமாட்டேன்.

என் ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (நுண்ணிய அளவுகோல் பொறித்த ஸ்லைடு) உன்னிடம்தான் இருக்கிறது. அளவுகோல் கோடுகளைச் சரிபார்த்து முடித்ததும் இந்தத் தடவையாவது அனுப்பி வை.

உன்,
ராகவன்