ஃபைல் எண்ணிக்கையும் வரணும் சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டர் பக்கத்துல, லினக்ஸ் சர்வர்ல எந்த ஃபோல்டர் இடத்தை அடைக்குதுன்னு பாக்க ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையா எழுதி ஓட்டுற ஃபைல்) போட்டிருந்தீங்க. தமிழ்ப் பேப்பர்ல இதெல்லாம் யாரு எழுதுறா, சந்தோஷம். ஆனா அதுல டியூ (du) கமாண்ட் வெச்சு சைஸ் மட்டும்தான் வருது, எத்தனை ஃபைல்னு வரல. இதனால நான் பட்ட பாடு இருக்கே...

நமக்கு கரூர்ல பெட்ஷீட், டவல் வியாபாரம். ஆர்டர் எடுக்குற வெப்சைட் 20 ஜிபி வாடகை சர்வர்ல ஓடுது. ஒருநாள் காலைல பில்லே போட முடியல, டிஸ்க்ல இடமில்லைன்னு எர்ரர். மொத்த டிஸ்க்ல எவ்வளவு காலின்னு காட்டுற டிஎஃப் (df) கமாண்ட் போட்டா பாதிக்கு மேல சும்மா கிடக்கு! டியூ ஓட்டினா துணி போட்டோ ஃபோல்டர்தான் பெருசுன்னு காட்டுது, சரின்னு பழைய போட்டோவெல்லாம் அழிச்சேன், கொஞ்ச நேரம் பில் போட முடிஞ்சுது, மறுபடி அதே எர்ரர்.

கடைசில டிஎஃப் மைனஸ் ஐ (df -i) போட்டப்பதான் விளங்குச்சு, ஐநோடு, அதாவது ஃபைலோட விவரத்தைக் குறிச்சு வெக்கிற பதிவு, 100 சதவீதம் தீந்துபோச்சு. லினக்ஸோட இஎக்ஸ்டி4 (ext4) ஃபைல் சிஸ்டத்துல ஒரு ஃபைலுக்கு ஒரு ஐநோடு வேணும், ஃபார்மேட் பண்ணும்போதே அது எத்தனைன்னு முடிவாயிடும், வழக்கமா 16 கேபிக்கு ஒண்ணு, 20 ஜிபின்னா சுமார் 13 லட்சம். குடோன்ல அரிசி இருக்கு, டோக்கன் தீந்துபோச்சுங்கற கதை.

திருடன் யாருன்னா செஷன் ஃபோல்டர், வெப்சைட்டுக்கு வர்றவங்களை ஞாபகம் வெச்சுக்க ஆளுக்கொரு ஃபைல் போடுற இடம். 12 லட்சம் ஃபைல், கிட்டத்தட்ட எல்லாமே ஜீரோ பைட், டியூ கணக்குல 100 எம்பி கூட தேறல! டெபியன்ங்கற லினக்ஸ்ல, பிஎச்பி (வெப்சைட் எழுதுற மொழி) செஷனைக் கூட்டிப் பெருக்க குறிச்ச நேரத்துல தானா ஒரு வேலை ஓடும், எங்க ப்ரோக்ராம் செஷனை வேற ஃபோல்டர்ல போட்டது அதுக்குத் தெரியல, அவ்வளவுதான். எல்லாத்தையும் அழிக்க ஆர்எம் ஸ்டார் (rm *) போட்டா லிஸ்ட் ரொம்ப நீளம்னு மறுத்துடுச்சு, ஒவ்வொண்ணா தேடி அழிக்கிற ஃபைண்ட் மைனஸ் டிலீட்தான் (find -delete) காப்பாத்துச்சு.

இப்ப என் ஸ்கிரிப்ட்ல ஒவ்வொரு ஃபோல்டருக்கும் டியூ மைனஸ் எஸ்ஹெச் (du -sh) பக்கத்துலயே ஃபைலை மட்டும் தேடுற ஃபைண்ட் மைனஸ் டைப் எஃப் (find -type f), அதை பைப் பண்ணி வரியை எண்ணுற டபிள்யூசி மைனஸ் எல் (wc -l), எண்ணிக்கைப்படி சார்ட். கூடுதலா ஒரே ஒரு வரிதான் சார். எல்எஸ் (ls) வெச்சு எண்ண வேணாம், உள்ஃபோல்டருக்குள்ள போகாது, புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைலை விட்டுடும். ஃபோல்டர் பேரைச் சுத்தி கோட்ஸ் (மேற்கோள் குறி) கட்டாயம், இல்லேன்னா "தீபாவளி ஸ்டாக்"குங்கற ஒரே ஃபோல்டர் ரெண்டா உடைஞ்சு, தீபாவளியும் இல்ல ஸ்டாக்கும் இல்லன்னு சொல்லும்.

இன்னொண்ணு, உங்க இ-பேப்பர்ல கோட்ஸ் எல்லாம் வளைஞ்சு அச்சாயிருக்கு, அதை அப்படியே காப்பி பண்ணா ஷெல்லுக்குப் புரியாது. அடுத்த தடவை நேரா போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
கரூர் வாசகன்