தலைப்பாகையில் தொடங்கிய புரட்சி

ஆசிரியருக்கு,

வரலாற்று அறிஞர்களைப் பொதுமக்களோடு உரையாட வைக்கும் முயற்சி பற்றிய செய்தியைப் படித்து மகிழ்ந்தேன். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பலர் வெறும் ராணுவக் கலகமாகவே நினைக்கிறார்கள். தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை, நெற்றிக் குறிக்குத் தடை, தாடியை எடுக்கச் சொன்ன உத்தரவு என்று ஆங்கிலேயர் தங்கள் படையிலிருந்த இந்தியச் சிப்பாய்களின் பண்பாட்டில் கை வைத்ததே அதன் உடனடிக் காரணம். போரையும் பண்பாட்டையும் பிரித்துப் படித்தால் இது புரியாது.

சென்ற ஆண்டு, புரட்சி நடந்த வேலூர்க் கோட்டையைச் சுற்றிப் பார்த்த என் பேரன், "எதுக்குத் தாத்தா சண்டை போட்டாங்க?" என்று கேட்டான். உடன் வந்த ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் தலைப்பாகையிலிருந்து ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பையன் நகரவே இல்லை. மாதம் ஒரு ஞாயிறு கோட்டைக்குள்ளேயே இப்படி ஓர் உரையாடல் நடத்தலாம். கேள்விகளைப் பள்ளி மாணவர்களே கேட்கட்டும்.

- ஒரு வாசகர், காட்பாடி