கஞ்சா எண்ணெய் இருக்கட்டும், மாத்திரை எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

மருத்துவக் கஞ்சா பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை, தம்பி தூங்கின பிறகு உட்கார்ந்து படித்தேன். மனநோய்க்கும் அது உதவலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். 14 வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். தம்பி மதுரையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தான். 23 வயதில் ஒருநாள் பாதி வேலையில் கிளம்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டான். சுவருக்குள்ளிருந்து ஆட்கள் திட்டுகிறார்கள் என்றான். கோடாங்கியிடம் குறி கேட்டோம். பாண்டி கோவிலில் மூன்று ராத்திரி படுத்திருந்தோம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த மூன்று ராத்திரிதான் அம்மா கண்ணசந்தார். ஏர்வாடிக்குக் கூட்டிப் போகலாம் என்று அப்பா சொன்னபோது அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. 2001 ஆகஸ்டில் அங்கே ஒரு காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனதை அவர் மறக்கவில்லை. பிற்பாடு அதே ஏர்வாடி தர்காவில் துவாவோடு (பிரார்த்தனையோடு) மருந்தும் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. பாண்டி கோவில் வாசலில் அன்றைக்கு ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தால் எங்களுக்கு இரண்டு வருஷம் வீணாகியிருக்காது.

அந்த இரண்டு வருஷத்தில்தான் கஞ்சா வந்தது. பட்டறைச் சிநேகிதர்கள் பொட்டலம் கொடுத்திருக்கிறார்கள். "அடிச்சா அந்தச் சத்தம் கொஞ்சம் அடங்குதுக்கா" என்றான். உண்மையிலேயே நாலு நாள் தூங்கினான், எனக்குத் தடுக்க மனசு வரவில்லை. ஆனால் சில மாதத்தில் சத்தம் முன்னைவிட ஜாஸ்தியாகிவிட்டது. அம்மா சோற்றில் விஷம் வைக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தான். ஓடு உடையாத அவித்த முட்டையை மட்டும் தன் கையால் உரித்துச் சாப்பிடுவான். வேறு எதையும் தொட மாட்டான். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த முட்டையிலேயே உயிரோடு இருந்தான்.

ஒருவழியாக டாக்டரிடம் போனோம். "கஞ்சா பழக்கம் உண்டா?" என்று அவர் கேட்டதும் அம்மா மேசைக்கடியில் என் கையை அழுத்தினார். நான் இல்லை என்றேன். தேனி ரோட்டில் கஞ்சா பிடிபட்ட செய்தி தினமும் பேப்பரில் வருகிற ஊர் எங்களுடையது. போலீஸ் வந்துவிடுமோ என்று பயம். அந்த ஒரு பொய்யால் ஒன்றரை வருஷம் டாக்டர் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போனார், தம்பி புகைத்துக்கொண்டே இருந்தான்.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருப்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால், பயன்படுத்தியதற்கும் சிறு அளவு வைத்திருந்ததற்கும் அவர்மேல் வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விடக் கூடாது, அதுதான் நிபந்தனை. சட்டம் 1985-ஆம் வருஷத்தது, இந்தப் பிரிவு 1989-ல் சேர்த்தது. எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எந்த மருத்துவமனைச் சுவரிலும் நான் இதை எழுதிப் பார்த்ததில்லை.

இனி கட்டுரைக்கு வருகிறேன். கஞ்சாச் செடியில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதிலிருக்கும் சி.பி.டி. என்ற பொருளைப் பிரித்து, குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தாகக் கொடுக்க அமெரிக்கா 2018-ல் அனுமதித்தது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. ஆராய்ச்சி நடக்கட்டும், நல்லது. ஆனால் போதை தருவது டி.எச்.சி. என்ற வேறு பொருள். என் தம்பி மாதிரி இருப்பவர்களுக்கு நோயைக் கிளறிவிடுவதும் அதுதான் என்று டாக்டர் எனக்குப் புரியவைத்தார். பொட்டலத்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு ஆகியவற்றுக்குக் கஞ்சாப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் லான்செட் சைக்கியாட்ரி என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஆதாரம் போதாது என்றுதான் அதில் முடிவு சொன்னார்கள். உங்கள் கட்டுரையில் இது இல்லை.

இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் இப்போது கஞ்சா எண்ணெய், விஜயா எண்ணெய் (விஜயா என்பது ஆயுர்வேதத்தில் கஞ்சாவின் பெயர்) என்று ஆயுஷ் உரிமத்தோடு ஆன்லைனில் விற்கிறார்கள். பக்கத்து வீட்டு மதினி போனில் வீடியோ காட்டி, "இதைக் குடுத்தா மாத்திரையே வேணாமாம்டி" என்றார். அந்த வாரம் எங்களிடம் மாத்திரை இல்லை. பணம் கட்டும் பக்கம்வரை போய்விட்டேன், ஆசிரியரே.

மாத்திரை ஏன் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு மற்ற மருந்துகள் கேட்காததால் க்ளோசபின் கொடுக்கிறார்கள். ராத்திரி எச்சில் வடியும், தலையணையில் துண்டு விரித்துத்தான் படுப்பான். ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைகிறதா என்று சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்த மாத்திரையால்தான் இன்று அவன் சோறு சாப்பிடுகிறான், சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போகிறான். மாதாமாதம் விடிகாலை பஸ் பிடித்து ஆரப்பாளையம் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு வாங்கி, மருந்து ஜன்னலுக்குப் போனால் சில மாதம் "இருப்பு இல்லைம்மா, பத்து நாளைக்குத்தான்" என்று அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறார்கள். அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் க்ளோசபினை இரண்டு நாள் விட்டாலே பழைய அளவை அப்படியே கொடுக்க முடியாது. அடிமட்டத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்குள் அந்தச் சுவர் மறுபடி பேச ஆரம்பித்துவிடும்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும், எல்லா நேரத்திலும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லா நேரத்திலும் என்றே எழுதியிருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசியக் கணக்கெடுப்பில், நோய்க்கு நோய் மாறுபட்டாலும், நூற்றுக்கு 70 முதல் 92 பேர்வரை சிகிச்சையே இல்லாமல் இருப்பது தெரியவந்தது. நாங்கள் அதில் சேராத கொஞ்சம் பேர். எங்கள் கதையே இது.

அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். 64ஏ பிரிவையும் 18-ஆவது பிரிவையும் கட்டம் கட்டிப் போடுங்கள். கூடவே அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐப் பெரிய எழுத்தில் போடுங்கள். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் சுகாதார நிலையங்களுக்கு ஒரு நிருபரை அனுப்பி, மனநோய் மாத்திரை எத்தனை அட்டை கையிருப்பு இருக்கிறது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

என் பெயரைப் போட வேண்டாம். தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.